வாசகர் கேள்வி – பதில்: போட்டிக்கே வராத வேட்பாளர்

சென்ற இதழில் திருநெல்வேலி வாசகர் ஒருவர், "அமெரிக்காவின் மாநில ஆளுநர்களில், நாட்டின் தலைமைக்கு வரவேண்டியவர் என்று தாங்கள் விரும்பியது யாரையாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். "உண்டு, இந்தியானா மாநிலத்தின் மிட்ச் டேனியல்ஸ்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரி இத்தனை கடிதங்களை வரவழைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாராட்டியவர்கள் சிலர், கண்டித்தவர்கள் பலர், 'யார் அவர்?' என்று கேட்டவர்கள் எல்லோரையும் விட அதிகம். ஆகவே இம்முறை இந்தப் பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆளுநர் என்பவர் மேலிடம் நியமிக்கும் அலங்காரப் பதவியில் இருப்பவர்தானே? அவரிடம் என்ன திறமையைக் கண்டு நாட்டை ஆளத் தகுந்தவர் என்கிறீர்கள்? (வாசகர், கும்பகோணம்)

பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம் இது. அமெரிக்காவில் ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். நம்மூர்க் கணக்கில் அவர் முதலமைச்சர். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவைத் திருப்பி அனுப்பும் உரிமையும் அவருக்கு இருப்பதால், ஒரு விதத்தில் முதலமைச்சரை விடவும் ஒரு படி மேல். எனவே இந்தப் பக்கத்தில் 'ஆளுநர்' என்று வரும் இடத்திலெல்லாம் ராஜ்பவனை மறந்துவிட்டுக் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஜனாதிபதிகளில் 17 பேர் அதற்கு முன் ஏதாவது ஒரு மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர்கள். 1977 முதல் 2009 வரையிலான 32 ஆண்டுகளில், மூத்த புஷ் இருந்த நான்கு ஆண்டுகள் நீங்கலாக, வெள்ளை மாளிகையில் இருந்தவர்கள் எல்லோரும் முன்னாள் ஆளுநர்கள்தாம்: ஜார்ஜியாவின் கார்ட்டர், கலிபோர்னியாவின் ரீகன், அர்கான்சாவின் கிளிண்டன், டெக்சாஸின் இளைய புஷ். ஆகவே 2010 வாக்கில் ஒரு நல்ல ஆளுநரைப் பார்த்து 'இவர் அடுத்து வாஷிங்டனுக்குப் போவார்' என்று எண்ணுவது பகற்கனவு அல்ல. அன்றைய வழக்கமே அதுதான்.

கேள்வி: டேனியல்ஸிடம் தாங்கள் மயங்கியது எதைக் கண்டு? பேச்சிலோ தோற்றத்திலோ அவரிடம் கவர்ச்சி இருந்ததாகத் தெரியவில்லையே! (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்)

கவர்ச்சி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சராசரிக்குக் குறைந்த உயரம், வழுக்கை, அலுவலகக் கணக்கரைப் போன்ற குரல். வங்கியில் இருந்த உங்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதுதான் எனக்கு வியப்பு. உங்கள் கிளையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் தணிக்கைக்கு வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு மதியமே திரும்பியிருப்பார்கள்.

அவர் 2004-இல் குடியரசுக் கட்சி வேட்பாளராக ஆளுநர் தேர்தலில் நின்றபோது ஜனநாயகக் கட்சி 16 ஆண்டுகளாக அந்த மாநில ஆளுநர் பதவியை வைத்திருந்தது. படுக்கை, அடுப்பு வசதியுள்ள ஒரு வண்டியில் ஏறி, இந்தியானாவின் 92 மாவட்டங்களுக்கும் போனார். போன இடத்தில் மக்கள் அந்த வண்டியின் வெளிப்புறத்திலேயே பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். பிரசாரம் முடிவதற்குள் வண்டியின் வண்ணமே மறையும் அளவுக்குக் கையெழுத்துகள் நிறைந்துவிட்டன. இரவில் விடுதிக்குப் போகாமல் யாராவது ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குவார். அவர்கள் ஒதுக்கிக் கொடுத்த அறையில் படுத்துக்கொண்டு, காலையில் அவர்களோடே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். ஆளுநரான பிறகும் இந்தப் பழக்கத்தை அவர் விடவில்லை. இதில் நாடகம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு ஆண்டுகள் நடந்த நாடகத்தை நாடகம் என்று சொல்வது கடினம்.

பதவிக்கு வந்ததும் அவர் கைவைத்த இடங்களில் ஒன்று வாகனப் பதிவு அலுவலகம். ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனால் நாற்பது நிமிடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்த நிலை மாறி, சராசரி நேரம் பத்து நிமிடத்துக்குள் வந்தது. ஆரம்பத்தில் சில கிளைகளை மூடியதற்காக ஊர் ஊராக வசவு வாங்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் வெயிலில் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிய அரசியல் சாதனை என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு வரவு செலவு. பற்றாக்குறையோடு கைக்கு வந்த மாநிலத்தைச் சில ஆண்டுகளில் நூறு கோடி டாலருக்கும் மேல் இருப்பு உள்ள மாநிலமாக்கினார். 2008-இல், மாநில வரலாற்றிலேயே முதல் முறையாக, ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் நிறுவனம் இந்தியானாவுக்கு மிக உயர்ந்த 'ஏஏஏ' கடன் தர மதிப்பைக் கொடுத்தது. அதே ஆண்டில் உலகம் முழுவதும் வங்கிகள் ஆட்டம் கண்டுகொண்டிருந்தன என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டாம். வீட்டு வரியை, குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் ஒரு சதவீதம், வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் விவசாய நிலத்துக்கும் இரண்டு சதவீதம், வணிகச் சொத்துக்கு மூன்று சதவீதம் என்ற உச்சவரம்புக்குள் கொண்டுவந்தார்; 2010-இல் மக்கள் வாக்களித்து அதை மாநில அரசியல் சாசனத்திலேயே சேர்த்தார்கள். இதற்கு ஈடுகட்டுவதற்காக விற்பனை வரி 6 சதவீதத்திலிருந்து 7 ஆனது. கொடுத்ததை மட்டும் சொல்லி, எடுத்ததை மறைக்கும் வழக்கம் அவரிடம் குறைவு.

என்னை முதலில் அவர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது இவை எதுவும் அல்ல. தோற்றுப்போன ஒரு முயற்சி. 2005-இல், வந்த வேகத்திலேயே, ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு ஓராண்டுக்கு மட்டும் ஒரு சதவீதக் கூடுதல் வருமான வரி போடலாம் என்றார். வரி என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவர், சட்டமன்றத்தில் தம் கட்சியே பெரும்பான்மையாக இருக்கும்போது, இப்படிக் கேட்டார். அவர் கட்சிக்காரர்களே அதை மூலையில் போட்டார்கள். கணக்கு நேராக வேண்டும் என்பதற்காகத் தம் கூட்டத்தின் முகத்தைச் சுளிக்க வைக்கத் துணிந்தவர் என்ற எண்ணம் அன்று எனக்கு ஏற்பட்டது. இன்றுவரை அது முழுவதும் போகவில்லை.

2008 நவம்பரில் ஒபாமா இந்தியானாவை வென்றார். 1964-க்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் அங்கே ஜெயித்ததில்லை. அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், டேனியல்ஸ் ஏறத்தாழ 58 சதவீத வாக்குகளோடு மீண்டும் ஆளுநரானார். ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்ட கையே இவருக்கும் போட்டது என்பதைத்தான், 'இவர் அடுத்தவர்' என்று எழுதியவர்கள் எல்லோரும் முதல் சான்றாகக் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

கேள்வி: என் மகன் இந்தியானாவின் வடபகுதியில் உள்ள சவுத் பெண்டு நகரில் வேலை பார்க்கிறான். அங்கே டேனியல்ஸ் பெயரைச் சொன்னால் 'ரோட்டை விற்றவர்' என்கிறார்களாம். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே? (வாசகி, சேலம்)

ஒரு வரிப் பதிலில் அதற்கு இடம் இருக்கவில்லை, அம்மா. இப்போது விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியானாவின் வடக்கு ஓரத்தில், ஒஹையோ எல்லையிலிருந்து சிகாகோவின் வாசல் வரை 157 மைல் நீளத்துக்கு ஒரு சுங்கச் சாலை ஓடுகிறது. அரசே நடத்திவந்தது. சுங்கக் கட்டணத்தைப் பல ஆண்டுகளாக யாரும் உயர்த்தத் துணியவில்லை. ஒரு சாவடியில் 15 சென்ட் வசூலிக்க அரசுக்கு 34 சென்ட் செலவாகிறது என்பது டேனியல்ஸ் திரும்பத் திரும்பச் சொன்ன கணக்கு. அதைவிட வசூலிப்பவரை அனுப்பிவிட்டு, மனச்சாட்சிப்படி போட்டுவிட்டுப் போகச் சொன்னால் கூட லாபம்தான் என்று கேலி செய்வார். 2006-இல் அந்தச் சாலையை ஸ்பெயினின் சின்ட்ரா, ஆஸ்திரேலியாவின் மக்வாரி நிறுவனங்களின் கூட்டுக்கு 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். மொத்தப் பணமும், ஏறத்தாழ 380 கோடி டாலர், முன்கூட்டியே வந்தது. அந்தப் பணத்தில் கடன் வாங்காமலே மாநிலம் முழுவதும் சாலைகளும் பாலங்களும் போடப்பட்டன.

வடபகுதி மக்களின் கோபம் எனக்குப் புரிகிறது. சாலை அவர்கள் ஊரில். கட்டணம் உயர்ந்தது அவர்களுக்கு. பணத்தில் பெரும்பங்கோ தெற்கே இண்டியானாபொலிஸுக்கும் எவன்ஸ்வில்லுக்கும் நடுவில் போகிற நெடுஞ்சாலை போன்ற வேலைகளுக்குப் போனது. அந்த ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சி சட்டமன்றக் கீழவையை இழந்தது. அதே ஆண்டு கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் வழக்கத்தையும் மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்திருந்தார். ரோட்டுக்காகத் திட்டியவர்களோடு, மாடு கறக்கும் நேரம் மாறிப்போனதற்காகத் திட்டியவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? குத்தகை எடுத்தவர்கள் எதிர்பார்த்த வாகனங்கள் வரவில்லை. 2008-இன் பொருளாதாரச் சரிவு வந்தது. 2014-இல் அந்தக் குத்தகை நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டு வேறொரு ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனம் 570 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்து அதை எடுத்துக்கொண்டது. இந்தியானா அரசின் கைக்கு வந்த பணத்தில் ஒரு டாலர் கூடத் திரும்பப் போகவில்லை. சந்தை உச்சத்தில் இருந்தபோது விற்றவர் என்ற வகையில் டேனியல்ஸ் கெட்டிக்காரர். ஆனால் இன்னும் பிறக்காத தலைமுறை 2081 வரை அந்தச் சாலையில் யாருக்குக் காசு கொடுக்கும் என்பதை ஓர் ஆளுநர் முடிவு செய்யலாமா என்று உங்கள் மகனின் அண்டைவீட்டார் கேட்டால், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 2018-இல் நம் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இதே முறையில், ஆந்திரத்திலும் குஜராத்திலும் உள்ள 9 நெடுஞ்சாலைப் பகுதிகளை 30 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு 9,681 கோடி ரூபாயை முன்பணமாகப் பெற்றது. எடுத்தது அதே மக்வாரி. 75 ஆண்டை 30 ஆண்டாகச் சுருக்கியது நம்மவர்களின் புத்திசாலித்தனம்.

கேள்வி: அவர் செய்த தவறுகளை எல்லாம் மூடி மறைத்துவிட்டு 'சிக்கனச் செம்மல்' என்று பட்டம் கட்டுகிறீர்கள். ஏழைகளுக்கான உதவித் திட்டத்தைக் கணினிக் கம்பெனிக்குத் தாரைவார்த்ததும், புஷ் ஆட்சியில் கஜானாவைக் காலி செய்ததும் யார்? (பேராசிரியர், புதுச்சேரி)

'சிக்கனச் செம்மல்' என்ற பட்டம் உங்கள் கற்பனை. ஆனால் குற்றச்சாட்டுகள் இரண்டும் உண்மை.

முதலாவது: உணவுதவி, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் வேலையை 2006-இல் ஐபிஎம் தலைமையிலான கூட்டணிக்கு, பத்தாண்டு ஒப்பந்தமாக, நூறு கோடி டாலருக்கும் மேலான தொகைக்குக் கொடுத்தார்கள். அதுவரை மாவட்ட அலுவலகத்தில் முகம் தெரிந்த ஓர் ஊழியர் எதிரே உட்கார்ந்து கேட்டு எழுதுவார். அதற்குப் பதிலாகத் தொலைபேசி மையமும், தொலைநகலில் அனுப்பும் ஆவணங்களும் வந்தன. ஆவணங்கள் காணாமல் போயின. தொலைபேசியில் காத்திருந்தே பலருக்குப் பொழுது போனது. 'ஒத்துழைக்கவில்லை' என்று காரணம் காட்டி, நோயாளிகளின் உதவி கூட நிறுத்தப்பட்டது. 2009-இல் டேனியல்ஸே அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார். வழக்கு பத்தாண்டு இழுத்தது. வாகன உரிமம் புதுப்பிக்க வருபவருக்கு வேண்டியது வேகம். கஞ்சிக்கு வழியில்லாமல் வருபவருக்கு வேண்டியது, எதிரே உட்கார்ந்து கேட்க ஓர் ஆள். இரண்டையும் ஒரே கடிகாரத்தால் அளந்ததுதான் அவர் செய்த பிழை. தவறு என்று தெரிந்ததும் தம் திட்டத்தைத் தாமே நிறுத்தியதை நான் அவர் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளாவிட்டால் அதிலும் நியாயம் உண்டு.

இரண்டாவதுதான் பெரியது. 2001 முதல் 2003 வரை இளைய புஷ்ஷின் வரவு செலவு அலுவலகத்துக்கு அவர் தலைவர். செலவை வெட்டுபவர் என்பதால் 'கத்தி' என்று புஷ் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார். அவர் வந்த 2001-ஆம் நிதியாண்டில் அமெரிக்க அரசுக்கு 12,800 கோடி டாலர் உபரி. 2003-இல் 37,800 கோடி டாலர் பற்றாக்குறை. வரிக்குறைப்பு, பொருளாதாரத் தேக்கம், செப்டம்பர் 11-க்குப் பிந்தைய செலவுகள் என்று காரணங்கள் உண்டு; எல்லாம் அவர் ஒருவர் செய்ததல்ல. ஆனால் ஈராக் போருக்கு 5,000 அல்லது 6,000 கோடி டாலர் ஆகலாம் என்று போருக்கு முன்னால் மதிப்பிட்டுச் சொன்னவர் இந்தக் கணக்குப்பிள்ளைதான். அந்தப் போர் தின்ற தொகையின் முன்னால் அந்த மதிப்பீடு சில்லறைக் காசு.

நம்முடைய வியப்பில் இருந்த பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது, பேராசிரியரே. இந்தியானாவின் அரசியல் சாசனம் மாநிலம் கடன் வாங்குவதைத் தடுக்கிறது. அந்த வேலிக்குள் நின்று சிக்கனமாக இருந்தவர், வேலியே இல்லாத வாஷிங்டனில் இருந்தபோது என்ன செய்ய முடிந்தது என்பதற்கு நமக்கு ஏற்கனவே ஒரு விடை கையில் இருந்தது. ஆளுநரான பிறகு கிடைத்த கணக்கைப் பார்த்துப் புகழ்ந்த நாங்கள், அதற்கு முன்னால் இருந்த கணக்கைப் புரட்டிப் பார்க்கவில்லை; அல்லது, என்னைப் போன்றவர்கள், பார்த்துவிட்டும் 'அது புஷ்ஷின் கணக்கு' என்று ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: தமிழில் எழுதும் தாங்கள் ஒரு பழமைவாதியைப் புகழலாமா? (வாசகர், ஈரோடு)

'கன்சர்வேட்டிவ்' என்பதைப் 'பழமைவாதி' என்று மொழிபெயர்த்த பிறகு, அவர் ஏதோ உடன்கட்டை ஏறுதலை ஆதரிப்பவர் போல ஒலிக்கிறது. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஒருவர், அரசு சிறியதாக, வரி குறைவாக, கடன் இல்லாமல் இருக்க வேண்டும் என்பவர். மற்றவர், கருக்கலைப்பு, திருமணம், மதம் ஆகியவற்றில் பழைய ஒழுங்கைச் சட்டத்தால் காக்க வேண்டும் என்பவர். ஒரே ஓட்டு வங்கி. அதனால் இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறார்கள்.

டேனியல்ஸ் முதலாமவர். 2010-இல் ஒரு பேட்டியில், நாட்டின் கடன் சுமை தீரும்வரை அடுத்து வரும் ஜனாதிபதி சமூகப் பிரச்சினைகளில் ஒரு 'சண்டை நிறுத்தம்' அறிவிக்க வேண்டியிருக்கும் என்றார். அவ்வளவுதான்; வீட்டின் மறுபாதி கொதித்தது. அந்த மறுபாதியின் தலைவர்களில் ஒருவரான மைக் ஹக்கபி போன்றவர்கள் வெளிப்படையாகவே தாக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், சண்டை நிறுத்தம் கேட்ட அதே டேனியல்ஸ், 2011 மே மாதம், கருக்கலைப்பும் செய்கிற பிளான்டு பேரன்ட்ஹுட் அமைப்புக்கு அரசுப் பணம் போவதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த வகையில் இந்தியானாதான் முதல் மாநிலம். 2012-இல், தொழிற்சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்யும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். ஆகவே அவரை நடுவில் நிற்பவர் என்று நான் சொல்ல மாட்டேன். எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசை அவரிடம் இருந்தது. அந்த வரிசையைத்தான் நான் மதித்தேன்.

அந்த வரிசையின் அருமை அவர் போன பிறகுதான் மாநிலத்துக்கே தெரிந்தது. அவருக்குப் பின் ஆளுநராக வந்தவர் மைக் பென்ஸ். 2015 மார்ச்சில் மதச் சுதந்திரம் என்ற பெயரில் அவர் கையெழுத்திட்ட சட்டம் ஓரினச் சேர்க்கையாளர்களுக்குக் கடை வாசலை அடைக்க வழி செய்யும் என்று நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியது. பெரிய நிறுவனங்களும் விளையாட்டுச் சங்கங்களும் மாநிலத்தை மிரட்டின. சில நாள்களுக்குள் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அந்தப் பென்ஸ் நாட்டின் துணை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கணக்கைச் சரிபார்த்த டேனியல்ஸ் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகப் போக, சண்டையைத் தொடங்கியவர் வாஷிங்டன் போனார்.

புகழலாமா என்ற கேள்விக்கு வருகிறேன்: அங்கே எனக்கு ஓட்டு இல்லை. அந்தச் சௌகரியத்தில் பேசுகிறேன்.

கேள்வி: அவ்வளவு பேர் கூப்பிட்டும் டேனியல்ஸ் 2012 ஜனாதிபதித் தேர்தலில் ஏன் நிற்கவில்லை? பயந்துவிட்டாரா? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

2011 பிப்ரவரியில் கட்சியின் தீவிர ஆதரவாளர்கள் கூடிய மாநாட்டில், நாட்டின் கடனை ஒரு காலத்தில் கம்யூனிசத்தைச் சொன்னது போலவே 'செவ்வாபத்து' என்று வருணித்துப் பேசினார். இந்த முறை சிவப்பு என்பது கணக்கேட்டின் சிவப்பு மை. பேச்சாளர் அல்லாத ஒருவரின் அந்தப் பேச்சை இன்றும் சிலர் அந்த ஆண்டின் சிறந்த அரசியல் உரையாகச் சொல்வார்கள். மே 22 அன்று, ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே, ஆதரவாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. நாட்டை நேசிக்கிறேன், குடும்பத்தை அதைவிட அதிகமாக நேசிக்கிறேன் என்றார். எங்கள் குடும்பச் சாசனப்படி வீட்டுப் பெண்களுக்குத் தடுப்பதிகாரம் உண்டு, அதை மீறிச் செல்ல வழி இல்லை என்ற பொருளில் எழுதியிருந்தார். மனைவியும் நான்கு மகள்களும் அந்த வீட்டின் பெரும்பான்மை.

அவருடைய மணவாழ்க்கையில் ஒரு முறிவும் மறுமணமும் இருந்தன. வேட்பாளராகியிருந்தால் ஓராண்டு முழுவதும் தொலைக்காட்சியில் அதையே அலசியிருப்பார்கள். தம் வீட்டுப் பெண்களை அதற்கு இரையாகக் கொடுக்க மறுத்தவரைப் பயந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஜனாதிபதி பதவிக்கு வருகிறவர்களிடம் ஒரு வெறி இருக்கும். பாதி இரவில் எழுப்பிக் கேட்டாலும் 'ஆம், நான்தான்' என்று சொல்லும் வெறி. இவரிடம் அது இல்லை. அதனால்தான் எங்களுக்கு அவரைப் பிடித்தது. அதனால்தான் அவர் வரவும் இல்லை. செய்தி வந்த அன்றிலிருந்து ஒருவாரம் நான் அரசியல் பத்திரிகைகளைத் தொடவில்லை என்பதை இந்த வயதில் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ரீகனுக்குப் பிறகு எந்த வலதுசாரி ஆளுநரும் ரீகன் ஆகவில்லையே? புளோரிடாவின் டிசாண்டிஸை எப்படிப் பார்க்கிறீர்கள்? (வாசகர், சென்னை)

இளைய புஷ்ஷை மறந்துவிட்டீர்கள், மறக்க விரும்பியிருக்கலாம்.

ரீகன் என்று இன்று பூஜை அறையில் மாட்டியிருக்கும் படம் வேறு, கலிபோர்னியாவில் ஆண்ட ரீகன் வேறு. 1967-இல் பதவிக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ நூறு கோடி டாலர் அளவுக்கு வரியை உயர்த்தினார். அதே ஆண்டு கருக்கலைப்பைத் தளர்த்தும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். அதற்குப் பின்னும் ஜனாதிபதி வேட்பாளராக 1968-இல் முயன்று, 1976-இல் கட்சிக்குள்ளேயே அன்றைய ஜனாதிபதி ஃபோர்டிடம் மயிரிழையில் தோற்று, 1980-இல்தான் ஜெயித்தார். ஆதரவாளர்களுக்கும் தலைவருக்கும் அத்தனை பொறுமை அன்று இருந்தது. இன்று, கட்சியின் வேட்பாளரை மாநிலம் மாநிலமாகத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், ஒரு தொடக்க மாநிலத்தில் இரண்டாவதாக வந்தால் கடையைக் கட்டிவிடுகிறார்கள்.

டிசாண்டிஸ் விஷயம் அப்படித்தான் முடிந்தது. 2018-இல் அரை சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தவர், 2022-இல் ஏறத்தாழ 19 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த இரவு அவரை அடுத்த ஜனாதிபதி என்று எழுதாத வலதுசாரிப் பத்திரிகை அரிது. பதினான்கு மாதம் கழித்து, அயோவா மாநிலத்தின் உட்கட்சித் தேர்தலில் டிரம்ப் 51 சதவீதம், இவர் 21. ஆறு நாளில் விலகி டிரம்பையே ஆதரித்தார். டேனியல்ஸ் தள்ளிப்போட நினைத்த பண்பாட்டுச் சண்டைகளையே இவர் தம் முதல் சரக்காக்கிக் கடை விரித்தார்; அந்தச் சரக்கை மொத்த வியாபாரம் செய்கிறவர் தெருமுனையிலேயே இருந்தார். புயல் அடித்துப் போன பாலத்தைச் சில நாள்களில் சரிசெய்து வண்டி விட்ட ஆளுநர் என்ற முகமும் அவருக்கு இருந்தது. அதை முன்னே வைத்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று சொல்லவில்லை. தோற்றாலும் இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் தோற்றிருப்பார்.

கேள்வி: டேனியல்ஸ் மீண்டும் அரசியலுக்கு வருவாரா? (வாசகர், தஞ்சாவூர்)

1949-இல் பிறந்தவர். 2023 தொடக்கத்தில் செனட் தேர்தலில் நிற்கலாமா என்று யோசித்தார். அவர் வாய் திறக்கும் முன்பே, 'பழைய ஆள்' என்று தாக்கித் தம் கட்சிப் பக்கத்திலிருந்தே விளம்பரம் வந்தது. ஜனவரி கடைசி நாள், நிற்கவில்லை என்று அறிவித்துவிட்டார். இனி வரமாட்டார்.

கேள்வி: என் மகளுக்கு இந்தியானாவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. டேனியல்ஸ் அங்கே கட்டணத்தை உயர்த்தாமல் வைத்திருந்தார் என்கிறார்களே, எங்களுக்கும் அது பயன்படுமா? (தந்தை, மதுரை)

வாழ்த்துகள். 2013 ஜனவரியில் அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். அவரைத் தேர்ந்தெடுத்த அறங்காவலர்களில் பெரும்பாலோர் ஆளுநராக இருந்தபோது அவரே நியமித்தவர்கள் என்பது அப்போது பெரிய சர்ச்சை. போன முதல் ஆண்டே கட்டண உயர்வை நிறுத்தினார். 2022 முடிவில் ஓய்வு பெறும்வரை உயர்த்தவில்லை, பின்வந்தவரும் அதையே தொடர்ந்தார். ஆனால் செய்திகளில் வரும் 9,992 டாலர் என்பது இந்தியானா வாசிகளுக்கு ஓராண்டுக் கல்விக் கட்டணம். வெளிமாநில மாணவருக்கே அது 28,794. வெளிநாட்டு மாணவருக்கு அதற்கும் மேல் தனிக் கட்டணம் உண்டு. சேர்க்கைக் கடிதத்தோடு வரும் பட்டியலில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று: கட்டணத்தை உயர்த்தாமல் வருமானத்தை ஈடுகட்ட மாணவர் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். 2022-இல் அந்த வளாகத்தில் 50,000 பேரைத் தாண்டிவிட்டது. விடுதி அறைகள் அந்த வேகத்தில் வளரவில்லை. மகளின் பெயரை விடுதிக்கு இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.